ஃபீல்ட்வொர்க்ஸ் அகராதி மென்பொருள்: நீலகிரியிலிருந்து மொழி வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

அகராதியியல், கணினி மொழியியல் வேலை அறிவிப்புகளை விடாமல் பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் பிடிபட்டிருக்கும். முதல் வரியில் பட்டம் கேட்பார்கள்: தமிழிலோ மொழியியலிலோ முதுகலை. அடுத்த வரியில் அகராதித் தொகுப்பு மென்பொருள் ஒன்றில் பழக்கம், தரவைக் குறிகளிட்டு அடுக்கும் எக்ஸ்எம்எல் வடிவத்தைக் கையாளும் திறன், செய்த வேலையின் மாதிரி என்று வரும். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கமிருந்து விண்ணப்பிக்க நினைப்பவர்களில் பலர் அந்த இரண்டாவது வரியைப் படித்ததும் நின்றுவிடுகிறார்கள். பட்டம் கையில் இருக்கிறது. மென்பொருளைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமானால் மலையிறங்கத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டாவது வரியை வீட்டிலிருந்தே, காசு கொடுக்காமல் நிரப்பிக்கொள்ள இன்று இருக்கும் கருவிகளில் ஃபீல்ட்வொர்க்ஸ்தான் முதலில் நிற்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சுருக்கமாக ‘ஃப்ளெக்ஸ்’ என்பார்கள். அகராதி வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கணினி மொழியியல் பக்கம் போகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. ஆனால் அவர்களுக்கும் சுத்தமான தரவு முதலில் வேண்டும், அந்தத் தரவை உருவாக்க இதைவிடத் தோதான இடம் வேறில்லை.

எஸ்ஐஎல் என்ற மொழியியல் நிறுவனம் வெளியிடும் திறமூல மென்பொருள் இது. விண்டோஸில் நன்றாக ஓடும், லினக்ஸிலும் நிறுவலாம், மேக்கில் நேரடியாக ஓடாது. 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியிலும் திறக்கும் என்றாலும் பதிவுகள் சில ஆயிரத்தைத் தாண்டியதும் திணறும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி. நிறுவல் கோப்பு பெரியது. பந்தலூர், மசினகுடிப் பக்கம் இருப்பவர்கள் போன் டேட்டாவில் இறக்கப் பார்த்தால் பாதியில் அறுந்துபோகும். ஊட்டியிலோ கோவையிலோ நல்ல இணைப்பு கிடைக்கிற இடத்தில், இணையம் இல்லாமலே நிறுவக்கூடிய முழுக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்வது நல்லது. நிறுவிவிட்டால் பிறகு இணையமே தேவையில்லை. மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்து போகிற ஊர்களுக்கு இதுதான் பெரிய வசதி. உலாவியில் மட்டும் இயங்கும் அகராதிக் கருவிகள் அங்கே தோற்றுப்போகும்.

எந்த வேலைகளை மனதில் வைத்து இதைக் கற்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், அதன் கீழுள்ள இந்திய மொழிகளுக்கான மொழித்தரவுக் கூட்டமைப்பு, 2013இல் தொடங்கிய அருகிவரும் மொழிகள் பாதுகாப்புத் திட்டம் ஆகியவற்றில் ஒப்பந்த அடிப்படையிலான பணியிடங்கள் வருவதுண்டு. அந்தத் திட்டம் பத்தாயிரத்துக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளை எடுத்துக்கொள்கிறது. தோடர், கோத்தர் மொழிகள் அந்த வரம்புக்குள் வருகின்றன. சென்னையில் 1974இல் தொடங்கப்பட்ட சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் இந்திய மொழிச் செயற்கை நுண்ணறிவுக் குழுவான ஏஐ4பாரத், 2022இல் வந்த மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் திட்டமான பாஷினி போன்ற முயற்சிகளைச் சுற்றி உரை சேகரிப்பு, உரைக்குச் சொல்வகை போன்ற குறிப்புகள் சேர்க்கும் குறியிடல், மொழிபெயர்ப்புச் சரிபார்ப்பு வேலைகள் உருவாகின்றன. இவற்றோடு, தனியார் நிறுவனங்கள் தரும் பகுதிநேரக் குறியிடல் பணிகளும் உண்டு. அகராதிப் பணியிடத்தில் உங்கள் பதிவின் தரத்தைப் பார்ப்பார்கள். கணினி மொழியியல் பணியிடத்தில் தரவை எடுத்து, வெட்டி, எண்ணி, பிழை கண்டுபிடிக்கத் தெரியுமா என்று பார்ப்பார்கள். ஒரே திட்டக்கோப்பை வைத்து இரண்டுக்கும் தயாராக முடியும் என்பதுதான் ஃபீல்ட்வொர்க்ஸின் பலம்.

ஆனால் தொடக்கத்தில் எடுக்கிற ஒரு முடிவில்தான் பாதித் திட்டங்கள் கெட்டுப்போகின்றன. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

புதிய திட்டம் தொடங்கும்போது எந்த மொழி, எந்த எழுத்துமுறை என்று கேட்கும். மொழிக்கு உலகத் தரக் குறியீடு உண்டு: படுகு மொழிக்கு பிஎஃப்க்யூ, தோடர் மொழிக்கு டிசிஎக்ஸ், கோத்தர் மொழிக்கு கேஎஃப்இ, இருளருக்கு ஐஆர்யூ. குறும்பர் மொழிகளுக்கு ஒரே குறியீடு கிடையாது. பெட்டக் குறும்பருக்கும் ஜேனுக் குறும்பருக்கும் தனித்தனி. படுகு மொழியை அவசரத்தில் கன்னடம் என்று போட்டுவிட்டால் பிறகு ஆவணக் காப்பகத்திலும் இணைய அகராதியிலும் அது தவறான இடத்தில் போய் உட்காரும்.

அடுத்து எழுத்துமுறை. தமிழ் எழுத்தை மட்டும் முதன்மை எழுத்தாக வைத்துத் தொடங்குவது இயல்பாகத் தோன்றும். சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதும் அகராதிக்கு அது போதும். உருபன் பகுப்பு, அதாவது சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரிக்கும் வேலை, செய்யப்போனால் சிக்கல் வெடிக்கும். ‘வீட்டில்’ என்பதை ‘வீட்ட்’, ‘இல்’ என்று பிரிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அந்தப் பிரிவு ‘டி’ என்ற ஒரே எழுத்தின் நடுவில் விழுகிறது. கணினிக்கு அது ‘ட’ என்ற எழுத்தும் அதைத் தொடரும் இகரக் குறியும்தான். ஆக, விகுதியை இகரக் குறியில் தொடங்கும் ஒரு துண்டாகவும், பகுதியைப் புள்ளி இழந்த ஒரு துண்டாகவும் பதிய வேண்டிவரும். உயிரில் தொடங்கும் ஒவ்வொரு விகுதிக்கும் இரண்டு வடிவம், ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வடிவம் என்று மாற்றுருபுகள் பெருகி, சொல்லைத் தானாகப் பிரித்துக்காட்டும் பகுப்பான் ஒரு சொல்லுக்கு ஏழெட்டு விடை தரும். ரோமன் எழுத்தில் எழுதும் ஐஎஸ்ஓ 15919 ஒலிபெயர்ப்பையோ, உலகப் பொது ஒலிக்குறி முறையான ஐபிஏவையோ முதன்மை எழுத்தாக வைத்து, தமிழ் எழுத்தை இரண்டாவது வரியாகச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை எழாது. பகுப்பான் முதன்மை எழுத்தைத்தான் பார்க்கும். நூற்றுக்கணக்கான பதிவுகளும் உரைப் பகுப்புகளும் ஏறியபின் இந்த வரிசையை மாற்றுவது பெரும் வேலை. முதல் நாளே செய்துவிட வேண்டும்.

நீலகிரி மொழிகளுக்கு இது இன்னும் அவசியம். படுகில் சொல்லின் முதலில் வல்லொலியும் மெல்லொலியும் பொருளை மாற்றும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே ‘க’, ஒரே ‘ப’. நாவை வளைத்துச் சொல்லும் உயிர்களைப் படுகில் 1930களிலேயே மொழியியலாளர்கள் பதிந்திருக்கிறார்கள். தோடர் மொழியில் மூன்று வெவ்வேறு இடத்து உருளொலிகளும், குரலில்லாத லகரங்களும் இருக்கின்றன. இவற்றுக்கு ஐபிஏ வரி இல்லாமல் அகராதி செய்தால் அடுத்து வருகிறவர் ஒலிப்பதிவை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். ஐபிஏ வரிக்குச் சாரிஸ் அல்லது டூலோஸ் எழுத்துருவையும், தமிழ் வரிக்கு நோட்டோ தமிழையோ விண்டோஸில் இருக்கும் நிர்மலாவையோ வைத்தால் குறிகள் இடம் மாறாமல் நிற்கும். தட்டச்சுக்கு கீமேன் விசைப்பலகை போதும். வரிக்கு வரி விசைப்பலகை தானாக மாறும்படி அமைக்கலாம். இந்தச் சின்ன அமைப்பு ஒரு நாளைக்கு மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சமல்ல.

அகரவரிசையையும் முதல் வாரமே சோதித்துவிடுங்கள். உயிர், ஆய்தம், மெய், கடைசியில் கிரந்தம் என்று தமிழ் அகராதிகள் போகும் முறைக்கு எழுத்துமுறை அமைப்பில் வரிசை விதி எழுத இடம் இருக்கிறது. இருபது சொல் கொண்ட சோதனைப் பட்டியல் ஒன்று போட்டுப் பாருங்கள்: அஃது, அக்கா, அகம், ஔவை, ஜன்னல், பக்ஷி, ஹட்டி என்று முரண்டு பிடிக்கக்கூடிய சொற்களாக இருக்கட்டும். வரிசை தவறிய அகராதி மாதிரியைத் தேர்வுக்குழுவில் இருப்பவர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பதிவுக்கு வருவோம். படுகிலோ தோடரிலோ எடுத்தவுடன் இறங்காமல், முதல் மாதிரிக்குத் தேயிலைத் தோட்டத் தமிழை எடுப்பது நல்ல தேர்வு. கொழுந்து, கவாத்து, லயம், கங்காணி, மேஸ்திரி என்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் அன்றாடம் புழங்கும் சொற்கள் இருக்கின்றன. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியமர்ந்தவர்களின் பேச்சில் மலையகத் தமிழின் சொல்லும் கலந்திருக்கிறது. பொது அகராதிகள் இவற்றில் பலவற்றைத் தொடாமலோ பொதுப் பொருளோடு நிறுத்தியோ விட்டிருக்கின்றன. புதிதாகச் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கிறது என்பதே விண்ணப்பத்தில் பாதி பலம்.

‘கொழுந்து’ என்ற பதிவை எடுத்துக்கொண்டால், தலைச்சொல், சொல்வகை, பிறகு பொருள்கள். இளந்தளிர் என்பது முதல் பொருள். பறித்துத் தொழிற்சாலைக்கு எடைபோட்டு அனுப்பும் பச்சைத் தேயிலை என்பது இரண்டாவது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எடுத்துக்காட்டு வாக்கியம், அது எங்கே யாரிடம் கேட்டது என்ற மூலக் குறிப்பு, வழக்கு வட்டாரம். ஃபீல்ட்வொர்க்ஸில் இவை தனித்தனிப் பெட்டிகள். எக்செல்லில் அகராதி தொடங்குகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்: ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று போட்டால் இரண்டாவது பொருளுக்கு இடமில்லை, ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று போட்டால் தலைச்சொல் திரும்பத்திரும்ப வந்து, ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிடுவார்கள்.

தொடக்கக்காரர்கள் எல்லோரும் குழம்புகிற இடம் ‘கிளாஸ்’ பெட்டியும் ‘டெஃபினிஷன்’ பெட்டியும். முதலாவது, உரையைச் சொல்லுக்குச் சொல் பகுக்கும்போது அடியில் வரும் ஒற்றைச் சொல். இரண்டாவதுதான் அகராதியில் அச்சாகும் விளக்கம். எல்லாவற்றையும் முதல் பெட்டியிலேயே எழுதிவிட்டால் உரைப் பகுப்பில் ஒரு சொல்லின் கீழ் மூன்று வரி தொங்கும். ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டவர்கள் ‘பல்க் எடிட்’ கருவியில் ஒரே நடையில் நகலெடுத்து மாற்றலாம். இந்தக் கருவியை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். ஆயிரம் பதிவுக்குச் சொல்வகை ஏற்றுவது, தேவையில்லாத இடைவெளி நீக்குவது, வழக்கமுறைக் கோவை (ரெஜெக்ஸ்) வைத்துத் தேடி மாற்றுவது எல்லாம் இதில் நடக்கும். ஆனால் இயக்கும் முன் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு இயக்குங்கள். சொல்வகைப் பட்டியலிலும் அடக்கம் வேண்டும். ஆயத்தமாக வரும் முழுப் பட்டியலையும் ஏற்றாமல் உங்களுக்கு வேண்டிய எட்டோ பத்தோ வகைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுச்சொற்களுக்கும் மாற்று வடிவங்களுக்கும் தனித்தனி உறவு இருக்கிறது. ‘கொழுந்து மூட்டை’ கூட்டுவடிவம். ‘கவாத்து’க்கு ‘கவ்வாத்து’ மாற்று வடிவம். இரண்டையும் தனிப் பதிவாக இணைப்பில்லாமல் விட்டால் பிறகு எண்ணிக்கை பொய்யாகும். அகராதியில் 300 சொல் இருக்கிறது என்று எழுதிவிட்டு, அதில் 60 வெறும் எழுத்து வேறுபாடு என்று நேர்காணலில் தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும்.

சொல் சேகரிப்புக்கு ‘கலெக்ட் வேர்ட்ஸ்’ பகுதி மிக நன்றாக அமைந்திருக்கிறது. உலகம் முழுதும் பயன்படும் சுமார் 1,800 பொருட்புலங்கள் கேள்விகளோடு உள்ளேயே வருகின்றன. தனியாள் எல்லாவற்றையும் தொட வேண்டாம். பயிர், பறித்தல், கருவிகள், கூலி, வீடு, வானிலை, நோய், திருவிழா என்று பதினைந்து புலம் எடுத்தால் முந்நூறு சொல் வந்துவிடும். கேள்விகள் பொதுவாக எழுதப்பட்டவை. பனிப்பொழிவுக்கும் கடலுக்கும் நிறைய கேட்கும், உறைபனியில் கருகும் தேயிலைக்கு ஒன்றும் கேட்காது. உங்கள் ஊருக்கான துணைக்கேள்விகளை நீங்களே சேர்க்கலாம். சேகரிப்பு வேகமாகப் போகும், சீர்செய்வது மெதுவாகத்தான் போகும். நாளைக்கு எட்டுப் பத்துப் பதிவை எடுத்துக்காட்டோடு முடிப்பது நியாயமான வேகம். முந்நூறுக்கு ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள்.

ஒலிப்பதிவு விஷயத்தில் மென்பொருள் கொஞ்சம் சுற்றி வளைக்கிறது. ஒலியை ஓர் எழுத்துமுறையாகச் சேர்த்தால்தான் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிப்பெட்டி வரும். இதை யாரும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. உள்ளேயே பதிவு செய்யலாம் என்றாலும் தனிப் பதிவுக்கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவத்தில் எடுத்து இணைப்பது மேல். போன் செயலிகள் பெரும்பாலும் சுருக்கிய வடிவத்தில் சேமிக்கும். காப்பகங்கள் அதை விரும்புவதில்லை. மலையில் காற்றுச் சத்தம்தான் முதல் எதிரி, ஒலிவாங்கிக்கு ரோம உறை இல்லாமல் வெளியில் பதிய வேண்டாம். குளிரிலிருந்து அடுப்பு எரியும் அறைக்குள் கருவியைக் கொண்டுபோனால் ஈரம் படியும். பையிலேயே சற்று நேரம் விட்டு எடுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வதற்கு ‘செண்ட் ரிசீவ்’ என்ற வசதி இருக்கிறது. இதற்கு ஃப்ளெக்ஸ் பிரிட்ஜ் என்ற துணை மென்பொருள் வேண்டும். இணையம் வழியாகவும் செய்யலாம், பென்டிரைவ் வழியாகவும் செய்யலாம். கோத்தகிரியில் ஒருவரும் கூடலூரில் ஒருவரும் வாரம் ஒருமுறை பென்டிரைவில் மாற்றிக்கொண்டாலே வேலை ஒழுங்காக நடக்கும். இருவரும் வெவ்வேறு பெட்டியைத் திருத்தியிருந்தால் தானாகச் சேர்த்துக்கொள்ளும். ஒரே பெட்டியை இருவரும் மாற்றியிருந்தால் ஒருவர் எழுதியது நிற்கும், மற்றது முரண் குறிப்பில் போய்ச் சேரும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் விடுகிறவர்கள்தான் பதிவு காணோம் என்று புலம்புவார்கள். இருவரும் தனித்தனியே திட்டம் தொடங்கி, பிறகு ஒன்றாக்கப் பார்ப்பதை மட்டும் செய்யவே கூடாது. சொல் ஒன்றாக இருந்தாலும் உள் அடையாள எண் வேறாக இருப்பதால் எல்லாம் இரண்டிரண்டாக வரும். ஒருவர் தொடங்கி மற்றவருக்குப் பகிர்ந்தபிறகே முதல் சொல்லை உள்ளிட வேண்டும். இருவர் கணினியிலும் ஒரே பதிப்பு இருப்பது அவசியம்.

காப்புப்பிரதி எடுக்கும்போது இணைத்த ஒலி, படங்களைச் சேர்க்கும் கட்டத்தில் குறியிட மறந்தால், கோப்பு சின்னதாக வேகமாகத் தயாராகிவிடும். கணினி பழுதான நாளில்தான் ஒலி ஒன்றுகூட இல்லை என்று தெரியும். வாரக் கடைசியில் குறியிட்டு முழுப் பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அகராதிப் பணிக்கு. கணினி மொழியியல் பணியிடத்துக்கு ஃபீல்ட்வொர்க்ஸ் தெரியும் என்று மட்டும் எழுதினால் பெரிய மதிப்பில்லை. தரவை வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். ஏற்றுமதியில் ‘லிஃப்ட்’ என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பைத்தானில் நாற்பது வரி எழுதினால் அதிலிருந்து தலைச்சொல், சொல்வகை, பொருள் எண்ணிக்கை, எடுத்துக்காட்டு இல்லாத பதிவுகள் எல்லாவற்றையும் அட்டவணையாக்கலாம். அந்த நிரலில் முதல் வேலை எழுத்தை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவருவது. ‘ொ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் ஒன்று அகப்படும் மற்றது அகப்படாது. என்எஃப்சி இதைச் சரிசெய்துவிடும். அது தொடாத பிழைகள் வேறு இருக்கின்றன: காலுக்குப் பதில் ரகரம், ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும், எகரத்தின் இடத்தில் தமிழ் எண் ஏழு, ககரத்தின் இடத்தில் தமிழ் எண் ஒன்று. பழைய பாமினி, டாப், டாம் எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பட்டியலை மாற்றி ஏற்றினால் இவை கட்டாயம் வரும். இவற்றைத் தேடிப்பிடிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, எத்தனை கிடைத்தன, எப்படித் திருத்தினீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி இணையுங்கள். தமிழ்த் தரவில் கைவைத்த எந்தக் குழுவுக்கும் அந்த அரைப் பக்கத்தின் அருமை தெரியும்.

உரைப் பகுதியில் முப்பது நாற்பது வாக்கியங்களைப் பகுத்து வைப்பதும் பயன்தரும். உள்ளே இரண்டு பகுப்பான்கள் இருக்கின்றன. ஒலிமாற்ற விதிகளை எழுதிச் செய்ய விரும்பினால் ஹெர்மிட்கிராப், மாற்றுருபுகளைப் பட்டியலிட்டுச் செய்ய எக்ஸாம்பிள். புணர்ச்சி மிகுந்த மொழிகளுக்கு ஹெர்மிட்கிராபே தோது, ஆனால் விதிகளின் வரிசை ஒன்று மாறினாலும் முடிவு மாறும். ஒவ்வொரு விதி சேர்த்ததும் பழைய சொற்பட்டியலை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒலியோடு நேர ஒழுங்கு வேண்டுமானால் ஈலன் என்ற இலவசக் கருவியில் வெட்டி, உரையை இங்கே கொண்டுவந்து பகுத்து, திரும்ப அங்கே அனுப்பலாம். போக்குவரத்தில் வரி அடுக்குகளின் பெயர் பொருந்தாவிட்டால் எல்லாம் கலைந்துபோகும். முதலில் ஐந்து வாக்கியத்தோடு ஒரு சுற்று போய் வந்து பாருங்கள். தொடரியல் குறியிடலுக்கு ஃபீல்ட்வொர்க்ஸ் உதவாது. அதற்கு, பல மொழிகளுக்கும் பொதுவான யுனிவர்சல் டிபெண்டன்சீஸ் என்ற குறியிடல் முறையைத் தனியே படிக்க வேண்டும். தமிழுக்கு அதில் 600 வாக்கியம் கொண்ட மரவங்கி (தொடரமைப்பு குறியிட்ட வாக்கியத் தொகுப்பு) ஒன்று பொதுவில் இருக்கிறது; அதன் குறிகளை வைத்தே பழகலாம்.

குறைகளும் கணிசமாக உண்டு. எக்செல் பட்டியலை அப்படியே வாங்காது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சாய்கோட்டுக் குறியீடு போட்ட எஸ்எஃப்எம் உரையாக மாற்றித் தர வேண்டும். அந்த இறக்குமதி வழிகாட்டியில் எந்தக் குறியீடு எந்தப் பெட்டிக்கு என்று ஒவ்வொன்றாகப் பொருத்துவது பொறுமையைச் சோதிக்கும். திரையில் பெட்டிகள் மிக அதிகம், புதியவர்கள் மிரண்டுபோவார்கள். வேண்டாதவற்றை மறைக்கும் வசதி இருக்கிறது, முதல் நாளே மறைத்துவிடுங்கள். அச்சுக்கான பக்க வடிவமைப்பு சுமார்தான். பதிப்பகத் தரத்தில் அச்சு வேண்டுமானால் டிலெக்ஸ் போன்ற கட்டண மென்பொருள்கள் மேல். பெரிய அகராதி நிறுவனங்களின் அறிவிப்புகளில் அந்த மாதிரிப் பெயர்களைத்தான் பார்ப்பீர்கள். லெக்சனமி உலாவியிலேயே இயங்கும், எளிமையானது, ஆனால் இணையம் அறாமல் வேண்டும். ஃபீல்ட்வொர்க்ஸில் பதிவு அமைப்பு புரிந்துவிட்டால் அவற்றுக்கு மாறுவது கடினமில்லை. உள்ளே எல்லாமே தலைச்சொல், பொருள், எடுத்துக்காட்டு என்ற ஒரே மரம்தான்.

பழங்குடி மொழிகளில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் மென்பொருளைத் திறப்பதற்கு முன் தோடர் ஊரான மந்திலோ கோத்தர் ஊரான கோக்காலிலோ இருக்கும் பெரியவர்களிடம் பேச வேண்டும். எந்தப் பாட்டைப் பதியலாம், எதை வெளியே தரக்கூடாது, பதிவு யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். சம்மதத்தை எழுத்திலோ ஒலியிலோ வாங்கி வைக்கவும், ஒவ்வொரு பதிவிலும் வெளியிடலாம், கூடாது என்ற நிலையைக் குறிக்கவும் தனிப் பெட்டி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆவணமாக்கல் நிதி தரும் அமைப்புகளும் காப்பகங்களும் இதைக் கட்டாயம் கேட்கும். சொல்லித்தந்தவரின் பெயரை எப்படிப் போடுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். வேர்ச்சொல் பெட்டியில் பரோவும் எமனோவும் தொகுத்து 1984இல் இரண்டாம் பதிப்பு கண்ட திராவிட வேர்ச்சொல் அகராதியின் எண்ணைக் குறித்தால் மதிப்புக் கூடும். தோடர், கோத்தர் சொற்கள் அதில் நிறைய உள்ளன. ஆனால் அதிலுள்ள வடிவத்தை அப்படியே தலைச்சொல்லாக எழுதாதீர்கள். எமனோ நீலகிரியில் கேட்டது 1930களின் பேச்சு. இன்றைய பேச்சை நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும்.

விண்ணப்பத்தில் இணைக்க மூன்று போதும்: பத்துப் பக்க அகராதி மாதிரி பிடிஎஃப்பாக, அதன் லிஃப்ட் கோப்பு, இரண்டு பக்கப் பதிவுக் கொள்கை. எந்தச் சொல்லை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள், பொருளை எந்த அடிப்படையில் பிரித்தீர்கள் என்பது அந்த இரண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். தேர்வுக்குழு அதைத்தான் கூர்ந்து படிக்கும். பதிவு எத்தனை, பொருள் எத்தனை, எடுத்துக்காட்டு உள்ளவை எத்தனை, ஒலி உள்ளவை எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். குழுவாகச் செய்திருந்தால் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தே குறியிடல் வேலை என்று பதிவுக் கட்டணம் கேட்கிறவர்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். சோதனை வேலை என்று சொல்லி நூற்றுக்கணக்கில் வாக்கியங்களை இலவசமாகச் செய்யச் சொன்னாலும் மறுத்துவிடலாம். பத்து இருபது வாக்கியத்தில் ஒருவரின் தரம் தெரிந்துவிடும்.

மொழியியலை முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மலைக்கு மிக அருகில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. சேரும் முன்பே முந்நூறு பதிவு உள்ள கோப்பு ஒன்று கையில் இருந்தால், ஆய்வேட்டுத் தலைப்பைத் தேடி அலைய வேண்டியிருக்காது.